மீசைக்கு விழுந்த மாலை

பகாவ், மலாயா,
ஆகஸ்டு 1951

அன்புள்ள செல்லாயிக்கு, இருளப்பன் எழுதுவது. நான் சுகம். நீயும் ஆத்தாவும் நலமாக இருக்க மாரியம்மன் துணை.

என்னைக் கேப்டன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாயாமே? முதலில் அதை நிறுத்து. நான் ரப்பர் தோட்டத்துக் கேட்டில் துப்பாக்கியோடு நிற்கிற காவல்காரன். எனக்கு மேலே கார்ப்பரல், அவருக்கு மேலே சார்ஜன்ட், அவருக்கும் மேலே லெப்டினன்ட். உத்தரவு போடுவது லெப்டினன்ட், அதைக் கத்திச் சொல்வது சார்ஜன்ட், செய்வது நான்.

இங்கே இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, பால்மரக் காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடை போட்டிருக்கிறார்கள். அதை நீக்கச் சொல்லிக் கேட்கப் போன மண்டோர் சடையன், அதாவது தோட்டத்துக் கங்காணி, சார்ஜன்டை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டார். மீசை முளைக்காத லெப்டினன்ட் வெயிலில் நின்றார்.

"அண்ணே, அந்தப் பையன்தான் பெரியவரு" என்றேன்.

"சும்மா இருடா, மீசையப் பாத்தாலே தெரியுதுலா!"

மொழி புரியாத சார்ஜன்ட் தலையாட்டினார். அனுமதி கிடைத்துவிட்டது என்று எல்லோரும் கலைந்தார்கள்.

மறுநாள் பெண்கள் தூக்குச்சட்டியோடு கேட்டுக்கு வந்தார்கள். தடை தடைதான் என்றார் லெப்டினன்ட். சார்ஜன்ட் கத்தினார். கார்ப்பரல் என்னைப் பார்த்தார். பாஞ்சாலை அக்காவின் கஞ்சியை நான்தான் தரையில் கொட்டினேன். தினமும் எனக்குக் குழம்பு கொடுத்தவள் அவள்.

கொஞ்சம் நாரத்தங்காய் ஊறுகாய் அனுப்பு. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இப்போது ஒன்றுமில்லை. லாரி வந்துவிட்டது, போகிறேன். இனி யாராவது உன் புருஷனுக்குப் பட்டாளத்தில் என்ன வேலை என்று கேட்டால், கஞ்சி கொட்டுகிற வேலை என்று சொல்.

இருளப்பன்