பூட்டிய வாசலில் ஒரு கையெழுத்து

இன்று காலை ஆய்வகத்துக் குளிர்பெட்டியைத் திறந்தேன். செல் வளர்க்கும் இளஞ்சிவப்புத் திரவம் முன் வரிசையிலேயே இருந்தது. நீ அதை ரோஸ்மில்க் என்பாய். "எனக்கு ஊசி, அதுங்களுக்கு ரோஸ்மில்க்கா? நல்லா கவனிக்கிறடி" என்று ஆஸ்பத்திரியில் என் கைப்பேசியில் அதன் படத்தைப் பார்த்து நீ சொன்னபோது பக்கத்துக் கட்டில் அம்மாளும் சிரித்தார். நீ போனபிறகு அப்படிச் சொல்ல ஆளில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு பெட்டியை மூடினேன்.

முதலியார்பேட்டையில் ஒரே தெருவில் வளர்ந்தோம். நான் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வந்தேன், நீ நம் ஊர் மேட்டுப்பாளையத்தில் சோப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாய். வருடக்கணக்கில் நான் கண்ணாடித் தட்டில் பார்த்துக்கொண்டிருந்த வியாதி உன்னிடமே வந்து உட்கார்ந்தது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. இன்னும் தீரவில்லை.

எலும்புக்கும் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, ஏன் பரவுகிறது என்று என்னைத்தான் கேட்டாய். சொன்னேன். செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்க ஒரு புரதம் வேண்டும். அதைச் செய்யச் சொல்லும் மரபணு அடங்கிப்போனால் பிடி தளரும், பிடி விட்ட செல் ரத்தத்தோடு கிளம்பிவிடும். பலருக்கு அந்த மரபணு கெட்டுப்போவதில்லை, முழுசாக அப்படியே இருக்கும். வேறு ஏதோ அதன்மேல் உட்கார்ந்து வேலை செய்யவிடாமல் அடக்கிவைக்கும்.

நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அப்போ அப்பா மில்லு மாதிரிதானே. இடிக்கல, பூட்டிதான் வெச்சிருக்கு."

உன் அப்பாவின் மில்லைப் பூட்டிய பிறகும் தொழிலாளிகள் தினமும் வாசலுக்குப் போய் வருகைக் கையெழுத்துப் போட்டார்கள். போடாவிட்டால் வேலையை விட்டுவிட்டதாக ஆகிவிடும். சலவைச் சட்டையில் அவர் சைக்கிளில் போவதைப் பள்ளிக்குப் போகும் வழியில் பார்ப்போம். மில் கடைசிவரை திறக்கவில்லை. இந்த மரபணுவின் பூட்டையாவது திறக்க முடியுமா என்று கேட்டாய். தட்டில் முடிகிறது, உடம்பில் இன்னும் தெரியாது என்றேன். உன்னிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

கடைசி வாரம் லீவு போட்டு உன் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே விரட்டினாய். "இங்க உக்காந்து என்னா பண்ணப்போற? போய் கையெழுத்து போட்டுட்டு வா." ஆய்வகத்துக்குப் போனேன். சாயங்காலம் திரும்பியதும், கண்ணைத் திறக்காமலே "போட்டியா?" என்று கேட்டாய்.

இன்று மருந்து ஊற்றிய தட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். தனித்தனியாகத் திரிந்த செல்கள் ஓர் ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. கொஞ்சம்தான். இந்த மருந்து வேறு பூட்டுகளையும் திறந்துவிடும், என்னென்ன வெளியே வருமோ தெரியாது. ஒரு மனுஷியின் உடம்புக்குப் போக இன்னும் வெகுதூரம் இருக்கிறது. உனக்கு அது வந்து சேரவில்லை, அதுதான் ஆறவில்லை.

சாயங்காலம் உன் வீட்டைத் தாண்டித்தான் வருகிறேன். "போட்டியா?" என்று யாரும் கேட்பதில்லை.

போட்டுட்டு வந்துட்டேன்டி. நாளைக்கும் போறேன்.