முனுசாமி சொன்ன மீதி

என் உயிரான மரியம்மாளுக்கு,

நீ கற்றுக்கொடுத்த எழுத்தில்தான் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பாதிக் குற்றம் உன்னுடையது. உபதேசியார் இதை ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசிக்கப் போகிறாராம். வாசிக்கட்டும். நம் ஸ்கெலட்டன் லைன் குடியிருப்பு முழுக்கக் கேட்டாலும் எனக்கு வெட்கம் இல்லை.

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. நீ காய்ச்சலில் கிடந்தபோது உன் ஆண்டவர் வரவில்லை என்று கோபித்துக்கொண்டு சபைப் பக்கமே நான் போகவில்லை. பின்னே யாரை நம்பினாய் என்று கேட்கிறாயா? அரிசிப் பானையை நம்பினேன். வீட்டுச் சுவருக்கு இன்னொரு தடவை மண் பூசினேன். எல்லாவற்றையும் விட மெழுகுவர்த்தியை நம்பினேன். சுரங்கத்தில் ஷிப்டுக்குக் கொடுக்கிறதில் தினமும் ஒரு துண்டை மிச்சம் பிடித்து மடியில் கட்டிக்கொள்வேன். பஞ்சத்தில் வளர்ந்தவன் புத்தி அது. "இன்னா மாமா, மெழுவத்திக் கடை வெக்கப் போறீங்களா?" என்று நீயே கேலி செய்திருக்கிறாய்.

போன வியாழக்கிழமை, பூமிக்கடியில் நாங்கள் வேலை செய்யும் லெவலில் கூரைப் பாறை இறங்கிவிட்டது. வழி அடைத்துக்கொண்டது. உள்ளே நானும் முனுசாமியும் மட்டும். நம் பக்கத்து வீட்டுக் குடியாத்தத்துக்காரன், முருகனைக் கும்பிடுகிறவன், அவன்தான். கல்தூசி தின்று அவனுக்கு ஏற்கெனவே நெஞ்சு சரியில்லை.

இரண்டு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் இடம். அந்தப் பக்கம் கல்லை வாரும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ஒரு துண்டு எரிந்து முடிந்ததும் நான் அடுத்ததைப் பற்றவைத்தேன். மடியில் இன்னும் நாலு இருந்தது. என்னைப் போல முன்யோசனைக்காரன் உண்டா என்றுகூட நினைத்தேன்.

அந்த இரண்டாவது துண்டு பாதி எரிவதற்குள் சுடர் சுருங்கிப்போயிற்று. முனுசாமி வாயைத் திறந்து மூச்சு வாங்கினான்.

"அண்ணே, அத்த அணைச்சுடு. காத்த அதான் துன்னுது."

"இருட்டுல இன்னாடா பண்றது?"

"மூச்சு வுடலாம்ணே."

எனக்குக் கை வரவில்லை. உன்னிடம் மறைத்து என்ன? அவன் மூச்சைவிட அந்த வெளிச்சம் எனக்குப் பெரிதாக இருந்தது. அவன் தலை பாறையில் சாய்ந்து, பேச்சு நின்ற பிறகுதான் ஊதினேன்.

அந்த இருட்டை உனக்கு எப்படிச் சொல்ல? கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். மடியில் நாலு துண்டு இருக்கிறது, ஒன்றைப் பற்றவைத்தாலும் இருவரும் சாவோம். நான் ஷிப்டுக்குக் கிளம்பும்போது நீ வாசலில் நின்று சொல்லும் ஜெபம் தானாக வாயில் வந்தது. "ஆண்டவரே, உம்மை விட்டால் எங்களுக்கு வேறு இடம் இல்லை." எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சங்கு ஊதிவிடும் என்று அதற்குமேல் நிற்காமல் தினமும் ஓடியவன் நான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இருட்டிலிருந்து முனுசாமியின் குரல் வந்தது.

"வெளிச்சம் போனாலும் நீர் போகாதேயும். அதாண்ணே மீதி. எம் பொஞ்சாதி நோவுல படுத்துகினு இருந்தப்போ அண்ணி தினம் வந்து சொல்லும்."

பத்து வருஷம் உன்னோடு வாழ்ந்தும் நான் கேட்காத பாதியை அவன் மனப்பாடமாக வைத்திருக்கிறான். அழுதுவிட்டேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம், மூச்சைச் சிக்கனம் பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாக. பயம் போகவில்லை. ஆனால் அங்கே நாங்கள் மூன்று பேராக இருந்தோம். மூன்றாவது ஆள் நீதான் என்று பெருமைப்பட்டுக்கொள்ளாதே. உன்னைவிடப் பெரியவர்.

எவ்வளவு நேரம் கழித்துக் கல்லை விலக்கி எங்களை இழுத்தார்கள் என்று தெரியவில்லை. முனுசாமி பிழைத்துக்கொண்டான். இன்று காலை கஞ்சி குடித்தான், உப்பில்லை என்று சண்டையும் போட்டான்.

நீ கிடந்த நாளெல்லாம் அவர் எங்கே என்று கத்தினேனே, மரியம்மா. உன் பாயருகிலேயே இருந்திருக்கிறார், இல்லையா? நீ அதைச் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் நான் எழுந்து வெளியே போனேனா?

திங்கட்கிழமை மறுபடி இறங்குகிறேன். மேலே வருவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது, அது என் கையில் இல்லை. என்னை மேலே கொண்டுவாரும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு இனி கேஜ் கூண்டில் ஏறமாட்டேன். அவர் கீழேயும் இருக்கிறார். பாறை நின்றாலும் விழுந்தாலும் அவர் கையை விடமாட்டேன். இதை மட்டும் என்னால் சத்தியமாகச் சொல்ல முடியும்.

உன் புருஷன்,
தேவசகாயம்