மார்கழி நம்பர்

மெஷினைப் போட்டதும் முதலில் வந்தது அந்த வாசனைதான். பல நாள் மூலையில் கிடந்த சர்வருக்குள் சூடு ஏறும்போது தூசி கருகுமே, அந்த வாசனை. நான் நின்றது திருவான்மியூரில் என் அறையில். மூக்கு மட்டும் சைதாப்பேட்டைக்கு, உன் வீட்டுக்குப் போய்விட்டது.

ஆமாம், மெஷின் கிடைத்துவிட்டது. கேட்டால் குதிப்பாய். ஆனால் முழுக் கதையையும் கேட்டுவிட்டுக் குதி.

முதல் மெஷின் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? உன் ஆபீஸில் கழித்துப் போட்டதை நீதான் கேட்டு வாங்கினாய். குட்டியானை வண்டியில் ஏற்றி உன் சந்து முனை வரை வந்தோம், அதற்கு மேல் வண்டி போகாது. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் பிணக்கனம் கனத்த அந்தப் பெட்டி. "மெதுவாடி, உள்ள கீறதெல்லாம் கொட்டிடப் போவுது" என்று நீ கத்த, எனக்குச் சிரிப்பு வந்து பிடி நழுவ, எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து தாங்கிப் பிடித்தார். அதை ஓடவிட்டதும் அந்தச் சத்தம்! மறுநாள் அதே அக்கா வாசலில் வந்து நின்று, "இன்னாம்மா, மாவு மில்லு வெச்சினு கீறீங்களா?" என்று கேட்டார். "மாவு இல்லக்கா, எங்க மூளையத்தான் அரைக்கிறோம்" என்றாய்.

இந்த மெஷின் எதற்கு என்று யாருக்கும் நம்மால் புரியவைக்க முடிந்ததே இல்லை. நாம் எழுதிய தேடல் மென்பொருளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். சின்ன நூலகங்களும் பள்ளிகளும் தங்கள் பழைய கம்ப்யூட்டர்களில் போட்டுக்கொள்கிறார்கள். அதில் எதை மாற்றினாலும் வேகம் கூடியதா குறைந்ததா என்று அளந்து பார்க்க வேண்டும். வாடகை சர்வரில் அளந்தால் எண் நிலையாக நிற்காது. முகம் தெரியாத பலர் அதே மெஷினைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள். கீழ் வீட்டுக்காரர் மோட்டார் போட்டால் நம் குழாயில் தண்ணீர் மெலிகிற மாதிரிதான். அளப்பதற்கென்று நமக்கே நமக்காக ஒரு மெஷின் வேண்டும். என் வீட்டில், "லேப்டாப்தான் இருக்கே, அப்புறம் என்ன?" என்பார்கள்.

அப்புறம் நம் மானம் போன கதை. பழைய வெளியீட்டைப் புரட்டாசிப் புழுக்கத்தில் அளந்திருந்தோம். புதியதை மார்கழியில் அளந்தோம். அப்பா, என்ன வேகம்! ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டோம். வெயில் காலம் வந்ததும் எங்கே அந்த வேகம் என்று நாலா பக்கமிருந்தும் கேள்வி. தலையைப் பிய்த்துக்கொண்டு பார்த்தால், மென்பொருள் வேகமாகவே இல்லை, உன் அறைதான் குளிர்ந்திருக்கிறது. சூடு ஏறினால் சர்வர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே மெதுவாகிவிடும், மார்கழியில் அந்தத் தொல்லை இல்லை. நீ தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாய். "மார்கழி நம்பர்டி இது. இத்த வெச்சினு ஊரையே ஏமாத்திட்டோம்!" அதற்குப் பிறகு யார் எதைப் பற்றிப் பீற்றிக்கொண்டாலும் நமக்கு அது மார்கழி நம்பர்தான். என்னைப் பெண் பார்க்க வந்தவரின் பணிவைக்கூட நீ அப்படித்தான் சொன்னாய், அது சரியாகவும் இருந்தது.

பேசாமல் ஏசி போட்டுவிடலாம் என்றேன். "நம்ம சாஃப்ட்வேரப் போட்டுனு கீறவங்கல்லாம் ஏசிலயா ஒக்காந்துனு கீறாங்க?" என்று என் வாயை அடைத்தாய். அன்றைக்குத்தான் அந்தச் சட்டம் போட்டோம். எந்தக் கொம்பன் செய்த மாற்றமாக இருந்தாலும் சித்திரை வெயிலிலும் அளந்து பார்த்த பிறகுதான் உள்ளே சேர்ப்பது. சட்டத்துக்கு முதலில் நீ பிடிவாதம் பிடித்தாய், நான் சரி என்றேன்.

போன மார்கழியில் ஒரு மாற்றம் செய்தாய். பழைய கம்ப்யூட்டரிலும் தேடல் சட்டென்று முடிகிற மாதிரி. உன் குரலே வேறு மாதிரி இருந்தது. "சூப்பரா வந்துகீதுடி. ஆனா மார்கழி நம்பர். சித்திரை வரட்டும், பாத்துட்டுச் சொல்றேன்" என்றாய். மாசியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உன்னால் பேச முடியவில்லை, நானும் உளறிக்கொட்டிவிட்டு வந்தேன்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு உன் அம்மா என்னைக் கூப்பிட்டார். நீ ஓடவிட்ட மெஷின் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "இத்த எடுத்துனு போயிரும்மா" என்றார். "அது சத்தம் போட்டா, அவ உள்ள வேல செஞ்சினு கீற மாதிரியே கீது. சாப்ட வாடின்னு கூப்ட்டுட்றேன்." நான் போய் அதை நிறுத்தினேன். அந்த வீடு அப்படி ஒரு அமைதியாகி நான் பார்த்ததே இல்லை. என் அறைக்குக் கொண்டுவந்து போட்டால் அது மறுபடி உயிர் பிடிக்கவில்லை. போர்டு போய்விட்டது, இந்தப் பழைய மாடலுக்குப் பாகம் வருவதில்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. உன் கடைசி வேலை அந்தரத்தில் நிற்கிறது. இந்த வெயிலை விட்டால் இன்னும் ஒரு வருடம். அதற்குள் மென்பொருளில் அதைச் சுற்றியுள்ள பகுதிகள் எல்லாம் மாறிப்போய், உன் மாற்றம் ஒட்டவே ஒட்டாது. யாராவது ஒரு மெஷின் கொடுங்கள் என்று கண்ட கம்பெனிக்கெல்லாம் எழுதினேன். பதில் வராத இடங்களுக்கு நேரிலேயே போய் நின்றேன்.

தி. நகரில் ஒருவர், "எங்க லோகோ எவ்ளோ பெருசா வரும் மேடம்?" என்று கேட்டார். எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடுகிறேன் என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னவர் பிறகு போனையே எடுக்கவில்லை. மயிலாப்பூரில் இன்னொருவர், வாடகை சர்வரே இலவசமாகத் தருகிறேன், உங்களுக்கு எதற்கு இந்த இரும்பு என்றார். கீழ் வீட்டு மோட்டார் கதையை அவருக்குச் சொன்னேன், அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலுக்கு வந்து வாய்விட்டு உன்னைத் திட்டினேன், இப்படி ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே என்று.

அடையாறில் ஒரு ஆபீஸின் கீழ்த்தளத்தில் பழைய சர்வர்கள் அடுக்கியடுக்கிக் கிடந்தன. பொறுப்பாளர் வயதானவர். "இதெல்லாம் ஸ்க்ராப்புக்குப் போகுதும்மா. உடைச்சுதான் போடணும், அதான் ரூல்ஸ்" என்றார்.

"உடைக்கப் போறதைத்தானே சார் கேக்கறேன். உங்க டேட்டா இருக்கற டிஸ்க்கெல்லாம் கழட்டிக்கோங்க. வெறும் மெஷினைக் குடுங்க போதும்."

"அப்படி என்னம்மா அவசரம்?"

திறந்த மூல மென்பொருள், சமுதாயப் பயன் என்று அழகாக ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. "என் ஃப்ரெண்டோட வேலை ஒண்ணு பாதில நிக்குது சார். அவ இப்ப இல்ல." அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். மேலே கேட்டு எழுதி வாங்கி, அடுத்த வாரம் அவரே வண்டி வைத்து அனுப்பினார். நீ இருந்திருந்தால் என்னை அழ விட்டிருக்க மாட்டாய், பேசிப் பேசி அவரைத்தான் அழ வைத்திருப்பாய்.

மெஷின் வந்தது கத்திரி வெயிலில். நம் சட்டப்படி ஏசி இல்லை. உன் மாற்றம் இல்லாமல் ஒரு முறை, மாற்றத்தோடு ஒரு முறை அளந்தேன். மாற்றத்தோடு ஓடியதுதான் மெதுவாக வந்தது. நான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். எத்தனை தடவை செய்தாலும் அதே கதைதான். உன் மாற்றம் மெஷினை முழு மூச்சாக உழைக்க வைக்கிறது, அந்த உழைப்பிலேயே அது சூடாகி, பாதி வழியில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வெயிலின் மேல், மெஷின் மேல், கடைசியில் உன் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

பக்கத்துத் தெருவில் ஐஸ் பார் வாங்கி வந்தேன். அதை டப்பில் போட்டு, டேபிள் ஃபேனை அதன் பின்னால் வைத்து, அந்தக் காற்று மெஷின் மேல் படும்படி திருப்பிவிட்டேன். எண் ஏறியது. மார்கழியில் நீ பார்த்த அதே ஏற்றம். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? அதை அப்படியே போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? உன் பெயரோடு எங்கெங்கோ இருக்கும் நூலகங்களுக்கெல்லாம் போயிருக்கும். ஐஸ் முழுக்கக் கரைகிற வரைக்கும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு டப்புத் தண்ணீரை எடுத்துப்போய்ச் செடிக்கு ஊற்றினேன்.

இன்று மத்தியானம், எல்லாரும் பார்க்கிற நம் மென்பொருள் பக்கத்தில், உன் மாற்றத்தைச் சேர்க்கவில்லை என்று குறித்து மூடிவிட்டேன். காரணம் கேட்கிற இடத்தில் "வெயிலில் மெதுவாகிறது" என்று மட்டும் எழுதினேன்.

எழுதிவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் எழுத்தில் ஒரு வரியை நான் வேண்டாம் என்றால் போதுமே, உடனே கூப்பிடுவாயே. ஹலோகூடக் கிடையாது, "இன்னாடி, என் மேலயே கை வெச்சிட்டியா?" என்றுதான் தொடங்குவாய். கத்துவாய், நானும் கத்துவேன், கடைசியில் உன்னுடையதும் இல்லாமல் என்னுடையதும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று நல்லதாக வந்துவிடும். நம் மென்பொருள் முழுக்க அப்படி வந்ததுதான்.

இப்போது என்னிடம் யாரும் பங்குக்கு வராத முழு மெஷின் இருக்கிறது. உன் மாற்றம் சூட்டைத் தாங்க எங்கே திருத்த வேண்டும் என்று நானும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன், எனக்குப் பிடிபடவில்லை. உன் கறார் மட்டும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது, உன் மூளை வரவில்லை. நீ செய்தது சரியில்லை என்று ஊரறியச் சொல்லிவிட்டேன். வந்து சண்டை போடேன்.