படியில் வைத்த வாளி

அக்கா,

போன சனிக்கிழமை நவுவாவில் இருக்கிற நம் பழைய வீட்டுக்குப் போயிருந்தேன். குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், சாவியை வாங்கிக்கொண்டு ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். வீடு அதேபோல மரத்தூண்களின் மேல்தான் நிற்கிறது. அடியில் குனிந்து பார்த்தபோது, பழைய பலகைகளுக்கும் ஒரு தூணுக்கும் நடுவில் தகர வாளி ஒன்று செருகிக் கிடந்தது. இத்தனை வருஷத்தில் ஆறு எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கும், இதை மட்டும் கொண்டுபோகவில்லை. பிடித்து இழுத்தேன். அது தூணில் மோதி ஒரு சத்தம் வந்தது.

அந்தச் சத்தத்துக்கு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பதைத் தாண்டியவள், பட்டப்பகலில், ஆளில்லாத வீட்டின் அடியில், கையால் வாயைப் பொத்திக்கொண்டு. துருவும் ஆற்றுச் சேறும் கலந்த வாசனை. வாளியின் ஒரு பக்கம் உள்வாங்கி நசுங்கியிருக்கிறது. அது உன் கால் போன இடம்.

உயிரோடு இருந்தாலும் இதை நீ படித்திருக்க மாட்டாய். நம் வீட்டில் தமிழுக்கு எழுத்து கிடையாது, பேச்சு மட்டும்தான். அதுவும் அம்மா திட்டுவதற்கும் கோயிலில் மாரியம்மனிடம் முறையிடுவதற்கும். வாசலைத் தாண்டினால் ஹிந்திதான். சென்னையில் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்கு எழுத்துக்கூட்ட வந்தது. நான் வாசித்துக் காட்டியிருந்தால், "இன்னாடி இது, ரேடியோல நியூஸ் படிக்கிற மாரி" என்று நடுவிலேயே நிறுத்தியிருப்பாய்.

அந்த வீடியோ கேசட்டின் பெயர் கடைசிவரை நமக்குத் தெரியாது. அட்டையில் யாரோ பேனாவால் காமெடி என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அப்போது ஃபிஜியில் டிவி நிலையமே கிடையாது. டிவி வைத்திருந்தவர்கள் வீடியோ போட்டுப் பார்க்கத்தான் வைத்திருந்தார்கள். நவுவா கடைத்தெருவில் அப்பா எடுத்துவந்த அந்தக் கேசட்டில் குரலே இல்லை. கறுப்பு வெள்ளையில் வாய்கள் மட்டும் அசைந்தன. ஒரு பெயிண்ட்காரன் ஒரு வீட்டின் கதவை மூன்று தடவை தட்டுவான். வீட்டுக்காரனுக்கு அவனைக் கண்டால் ஆகாது, மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு வாயசைப்பான். பெயிண்ட்காரன் தலையாட்டிவிட்டுத் திரும்புவான். தான் வைத்த வாளியில் தானே காலை விடுவான். இவ்வளவுதான் கதை. பத்து நிமிஷத்தில் ஏழு தடவை.

குரல் கொடுத்தது நீ. வெளியே நிற்பவனுக்கு ஹிந்தி, ஏனென்றால் நம் வாசலில் வந்து நிற்கிற எல்லோரும் ஹிந்தியில்தான் கூப்பிடுவார்கள். உள்ளே இருப்பவனுக்குத் தமிழ், அதுவும் அம்மாவின் தமிழ், அம்மாவின் சிடுசிடுப்போடு.

"கர் மே கோய் ஹை?" வீட்டில் யாராவது இருக்கிறீர்களா?

"வூட்ல ஆருமில்லே!"

"அச்சா." அப்புறம் வாளி.

அம்மாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகு நம் வீட்டில் கேசட்டே தேவைப்படவில்லை. நீ குளியலறைக் கதவைத் தட்டினால் நான் உள்ளிருந்து கத்துவேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தட்டினால் கத்துவேன். தூக்கத்தில் கட்டிலைத் தட்டினால்கூடக் கத்துவேன் என்று அப்பாவிடம் பந்தயம் கட்டி ஜெயித்தாய். கோழிகளுக்குத் தீனி போட நீ காலையில் இறங்கும் படியில் நான் முன்னாலேயே வாளியை வைத்துவிடுவேன். நீ பார்க்காததுபோல வந்து காலை விடுவாய். ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி விழுவாய். ஒரு நாள் ஒற்றைக் காலில் குதித்து, ஒரு நாள் வாளியோடு நடந்து, ஒரு நாள் வாளிக்கு சலாம் போட்டு. "ஒரே மாரி வுழுந்தா ரெண்டாவது தடவ சிரிக்க மாட்டாங்க, குட்டி. கொஞ்சம் மாத்தி வுழணும்" என்பாய். உனக்குப் பதினேழு வயது. எனக்கு எட்டு.

அந்த வருஷம்தான் ராணுவம் முதல் தடவை பார்லிமென்டுக்குள் புகுந்தது. ரேடியோவில் செய்தி நின்று பாட்டு மட்டும் ஓடியது. பஸ் ஓட்டப் போன அப்பா தலைநகர் சுவாவிலேயே மாட்டிக்கொண்டார், இரண்டு நாளாகத் தகவல் இல்லை. சுவா பக்கம் இந்தியர் கடைகளை உடைக்கிறார்கள், நம் ஆட்களை அடிக்கிறார்கள், கும்பல் இந்தப் பக்கமும் வருகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அம்மா ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் சாத்தினாள். யார் வந்தாலும் வீடு காலியாக இருப்பதுபோலத் தெரியவேண்டும், மூச்சுகூட விடக்கூடாது என்று நம் இரண்டு பேருக்கும் சொன்னாள். நான் தலையாட்டினேன். அந்தக் காலையிலும், அம்மா கண்ணயர்ந்த நேரத்தில், வாளியை மேலிருந்து இரண்டாவது படியில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். பழக்கம்.

பத்து மணி இருக்கும். அம்மா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முதலில் பக்கத்து வீட்டில் தட்டுகள் விழுந்து உடையும் சத்தம். பிறகு நம் படியில் கால்கள். நாலைந்து பேர் இருக்கும். நம் ஊர்ப் பையன்கள் இல்லை, அவர்கள் குரல் நமக்குத் தெரியும். மரப்படி ஒவ்வொன்றும் முனகியது. வாளியைத் தாண்டித்தான் ஏறியிருக்கிறார்கள்.

கதவில் மூன்று தட்டு.

"கர் மே கோய் ஹை?"

"வூட்ல ஆருமில்லே!" என்று நான் கத்தினேன்.

அம்மாவின் குரலில், அந்தச் சிடுசிடுப்போடு, உரக்க. வாயிலிருந்து வெளியே போன பிறகுதான் அது என் குரல் என்று எனக்கே தெரிந்தது. அம்மாவின் கை வந்து என் வாயில் அறைந்து அப்படியே ஒட்டிக்கொண்டது. பூண்டு நெடி கண்ணில் ஏறியது. வெளியே எவனோ மெதுவாகச் சிரித்தான். மறுபடியும் தட்டினான், இந்தத் தடவை நிதானமாக, நகத்தால்.

நீ என்னைப் பார்த்தாய். கோபமாக இருந்திருந்தால் நான் இந்நேரம் மறந்திருப்பேன். கோபமே இல்லை. எங்கள் இரண்டு பேரையும் அடுப்படிக்குள் தள்ளினாய். அம்மா உன் பாவாடையைப் பிடித்து இழுத்தாள், நீ விரல் விரலாக விடுவித்தாய். கதவைத் திறந்து, வெளியே போய், உனக்குப் பின்னால் அதைச் சாத்தினாய். "ஹம் அகேலா ஹை" என்று நீ சொல்வது கேட்டது. நான் மட்டும்தான் இருக்கிறேன்.

அப்புறம் வாளி.

ணங் என்ற சத்தம், பிறகு படிப்படியாக உருண்டு இறங்கும் சத்தம், பிறகு அவர்கள் சிரிப்பு. வெடித்துச் சிரித்தார்கள். ஒருவன் கைதட்டி ஃபிஜி மொழியில் "வினாக்கா! வினாக்கா!" என்றான், கச்சேரி கேட்டவன் பலே என்பதுபோல. இன்னொருவன் சொன்னான்: "அவுர் ஏக் தஃபே." இன்னொரு தடவை.

நீ மறுபடியும் விழுந்தாய். அடுப்படி இருட்டில் எனக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். இரண்டாவது தடவை ஒற்றைக் காலில் குதித்தாய். மூன்றாவது, வாளியோடு நடந்தாய். நாலாவது தடவை சத்தம் வருவதற்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி இருந்தது. சலாம் போடுகிறாய் என்று எனக்குத் தெரிந்தது. அக்கா, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவின் கைக்குள் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் அடுத்து உன்னை என்ன செய்யச் சொல்வார்கள் என்று தெரியாத பயம், அதே நேரத்தில் தொண்டையில் சிரிப்பு. அம்மாவுக்கு அது தெரிந்திருக்கும். இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

கோழிகள் கத்தின. பிறகு அதுவும் அடங்கியது. அம்மா கதவைத் திறக்க எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. நீ கடைசிப் படியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வலது கால் வாளிக்குள். தகரத்தின் விளிம்பு கணுக்காலைக் கிழித்திருந்தது, உனக்கு எடுக்க வரவில்லை. அம்மா வாளியைப் பிடித்து இழுக்க இழுக்க நீ வயலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"கோழி போச்சு" என்றாய். அவ்வளவுதான்.

என்னை யாரும் திட்டவில்லை. அப்பா வந்து எல்லாவற்றையும் கேட்டார், அவரும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது, "இந்தப் புள்ளைய இனிமே இங்க வெச்சிக்க முடியாது" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். உன் பேரைச் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் ஆக்லாந்திலிருந்து ஒரு மாப்பிள்ளையின் போட்டோ வந்தது. உனக்கு ஆசிரியை வேலைக்குப் படிக்க வேண்டும் என்றிருந்தது. அதைப்பற்றி யாரும் பேசவில்லை, நீயும்தான். கேசட் கொடுத்த கடைக்காரர் அதற்கு முன்னாலேயே கனடா போய்விட்டார். கேசட்டைத் திருப்பிக் கொடுக்க ஆளில்லாமல் நம்மிடமே தங்கிவிட்டது. யாரும் அதை மறுபடியும் போட்டுப் பார்க்கவில்லை.

நாடி விமான நிலையத்தில் நீ புதுச் செருப்போடு கண்ணாடிக் கதவை நோக்கிப் போனாய். எந்த வாசலைத் தாண்டினாலும் எனக்காக ஒரு தடவை தடுக்கி விழுவாயே, அதற்காகக் காத்திருந்தேன். நீ நேராக நடந்து போனாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன்னை நான்தான் அனுப்பிவைத்தேன், என் வாய்தான் அனுப்பிவைத்தது என்று எட்டு வயதில் எனக்குப் புரிந்த விஷயம், முப்பத்தெட்டிலும் அப்படியே இருந்தது.

அதன் பிறகு நமக்கு வேறு வசனம் வந்தது. இங்கே ஒவ்வொரு தடவை ஆட்சியைக் கவிழ்த்தபோதும் முதல் போன் உன்னுடையதுதான். ஹலோ கிடையாது, சௌக்கியமா கிடையாது.

"கதவு?"

"சாத்தியாச்சு."

"சரி."

வைத்துவிடுவாய். அப்புறம் ஒன்றுமே நடக்காத நாட்களிலும், பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும்கூட, பேச்சு அப்படித்தான் தொடங்கியது. சிரிப்பு வசனம் எப்படி யோசிக்காமல் வாயில் வந்ததோ, பய வசனமும் அப்படியே வந்தது. வருஷங்கள் போகப் போக எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

கடைசியாக நீ ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து வீடியோவில் பேசினாய். முகம் பாதியாக இருந்தது. அன்றைக்குத்தான் கேட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"அக்கா, அன்னிக்கு நான் வாய மூடிகினு இருந்திருந்தா அவங்க போயிருப்பாங்களா?"

நீ கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். "எங்க போறது? ஒருத்தன் பின்னால போயி அடுப்படி கதவ ஒதைக்கப் பாத்துகினு இருந்தான். உனுக்குக் கேக்கலியா?"

கேட்கவில்லை. நான் அந்த அடுப்படிக்குள்தான் இருந்தேன். நீ சொன்னது நிஜமா என்று எனக்குத் தெரியாது. வாய் அசைகிற இடத்தில் குரல் போடுவது உன் கைவந்த வேலை.

"இன்னொண்ணு சொல்றேன் கேளு. எல்லாரும் நான் தைரியசாலின்னு சொல்லினு இருந்தீங்க. மொத தடவ நான் நெஜமாவே வுழுந்தேன்டி. கண்ணே தெரியல எனுக்கு. வாளிய நான் பாக்கவே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் சிரிச்சாங்க. சிரிச்சிகினு இருக்கிற வரைக்கும் என்மேல கை வெக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுது. மத்த மூணும் நடிப்பு." இருமினாய். "நல்லாத்தான் நடிச்சேன். ஒண்ணு மாரி ஒண்ணு வுழல."

வாளியை அங்கே வைத்தது யார் என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உனக்குத் தெரியும்.

அப்புறம் நீ கையைத் தூக்கிக் கட்டிலின் இரும்புக் கம்பியில் தட்டினாய். மூன்று தட்டு. உன் கண் என்மேலேயே இருந்தது.

"கர் மே கோய் ஹை?"

எனக்குத் தெரியும், நான் என்ன சொல்லவேண்டும் என்று. எட்டு வயதில் உயிருக்கு ஆபத்தென்று தெரிந்தும் அடக்க முடியாமல் வந்தது. அன்றைக்கு வரவில்லை. வாய் திறக்கவே இல்லை. நீ காத்திருந்தாய். நர்ஸ் ஒருத்தி உன் பின்னால் வந்து எதையோ சரிசெய்துவிட்டுப் போனாள். இன்னும் காத்திருந்தாய்.

"பரவால்ல, குட்டி" என்றாய். "பழக்கம் வுட்டுப்போச்சு உனுக்கு. கதவு?"

"சாத்தியாச்சு."

"சரி."

நாலு நாளில் போய்விட்டாய்.

வாளியை நான் இப்போது குடியிருக்கிற மார்ட்டின்டாருக்கு எடுத்துவந்துவிட்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், எல்லோரும் பார்த்தார்கள். கழுவினேன், துரு போகவில்லை. வாசல் படியில் வைத்திருக்கிறேன். எடுத்து உள்ளே வைக்கலாமே என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். வைத்தால் தூக்கம் வராது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

இன்றைக்குக் காலையில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையன் வந்தான். நல்ல பையன், மாதா மாதம் வருகிறவன். நான் அடுப்படியில் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தேன். மூன்று தட்டு. "கர் மே கோய் ஹை?"

உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பழக்கம் விட்டுப்போகவில்லை, அக்கா. தட்டுகிற சத்தம் கேட்டதும் என் கை தானாக வந்து என் வாயை மூடிக்கொள்கிறது, அம்மாவின் கை போலவே, அதே நெடியோடு. அந்தக் கைக்குள் உதடு அசைந்து பதிலைச் சொல்லிவிடுகிறது. ஒரு தடவைகூடத் தவறியதில்லை. குரல் மட்டும் வருவதில்லை. அதைப் போடுவது நீதானே.