நூற்றிருபது பேர் தேவை

செங்கல்பட்டு,
20.11.2004

அன்புள்ள மாமாவுக்கு ஹெலன் எழுதுவது.

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லலாம் என்றால் உங்கள் தங்கை ஜெஸ்ஸி பக்கத்திலேயே நிற்கிறாள். அவளை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய சங்கதி இல்லை இது.

நம் பாப்பாவுக்குச் சளி குறைந்திருக்கிறது. நெஞ்சு மட்டும் இன்னும் கரகரவென்கிறது. இரண்டு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டேன். மஸ்கட்டில் வெயில் தணிந்ததா?

ஜெஸ்ஸிக்கு வேலை போய்விட்டது. காருக்கு ஒயர் கட்டுகிற அந்த மறைமலைநகர் கம்பெனிதான். ஏழு மாதம் முடிந்தது, இனி வரவேண்டாம் என்றார்களாம். அவளோடு சேர்ந்த எங்கள் கல்லூரிப் பெண்கள் இருபத்திரண்டு பேருக்கும் அதேதான். சண்டையெல்லாம் போடவில்லை. யூனிஃபார்மைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தால் அடுப்படிக்குள் போய்விடுகிறாள்.

போன வருஷம் நான் வேலை பார்க்கிற சமுதாயக் கல்லூரியில் என்ன பயிற்சி தொடங்கலாம் என்று கணக்கெடுக்க என்னைத்தானே அனுப்பினார்கள். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து மாமல்லபுரம் வரை அலைந்தேன். கடற்கரை ஓட்டல்களில் வருஷத்துக்கு ஆறு பேர் போதும் என்றார்கள். இந்தக் கம்பெனி நூற்றிருபது என்றது. சின்ன எண்ணை ஒதுக்கிவிட்டுப் பெரிய எண்ணை எழுதிக்கொடுத்தவள் நான். பி.எஸ்ஸி. இடம் கிடைத்திருந்த ஜெஸ்ஸியிடம், டிகிரி வாங்கி இன்னாடி பண்ணப்போற, இங்க நூத்தியிருபது வேலை காத்துகினு கீது என்று கிண்டல் செய்து ஒயர் கட்டும் பயிற்சியில் சேர்த்துவிட்டதும் நான்தான்.

இந்த வருஷக் கணக்குக்காகக் கம்பெனிக்கு மறுபடி போனேன். பர்சனல் ஆபீசர் நரசிம்மன் டீ வரவழைத்து, அதே நூற்றிருபது போட்டுக்கம்மா என்றார். இருக்கிறவர்களை அனுப்பிவிட்டு ஏன் சார் ஆள் கேட்கிறீர்கள் என்றேன். இன்னாம்மா, படிச்ச பொண்ணு நீ, எட்டு மாசம் வெச்சிருந்தா பர்மனென்ட் கேப்பாங்க, அனுப்புனாத்தானே எடுக்க முடியும் என்று சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓட்டலில் ஆறு பேர் போதும் என்றது, சேர்ந்தவர்கள் அங்கேயே இருப்பதால். எத்தனை பேர் தேவை என்று கேட்ட எனக்கு, முன்பு சேர்ந்தவர்கள் எங்கே என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லையே.

கல்லூரி முதல்வர் தேவசகாயம் சாரிடம் சொன்னேன். எண் குறைந்தால் பயிற்சியை மூடுவார்கள், உனக்கும் வேலை இருக்காது, கைக்குழந்தைக்காரி, யோசித்துக் கையெழுத்துப் போடு என்றார். நல்ல மனுஷர்தான். அவருக்கும் பயம். விண்ணப்பம் வாங்க வாசலில் இப்போதே பெண்கள் நிற்கிறார்கள்.

நேற்று நூற்றிருபது என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் ஜெஸ்ஸி விட்டுவந்த இடமும் ஒன்று. சேர்ந்தவர்களை எட்டு மாதம் வைத்திருப்பதில்லை என்று ஓரத்தில் ஒரு வரி எழுதினேன். பென்சிலால்தான், மாமா.

தன் கை மெதுவாக ஓடியதால் நிறுத்திவிட்டார்கள் என்று ஜெஸ்ஸி நினைத்துக்கொண்டிருக்கிறாள். சாயங்காலமானால் பழைய ஒயர்த்துண்டுகளை எடுத்துவைத்துக் கட்டிக்கட்டிப் பழகுகிறாள். இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது கிடைத்ததும் போன் செய்யுங்கள். வேலையைப் பற்றிக் கேட்காதீர்கள். உன் கையில் குறையில்லை என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். அண்ணன் சொன்னால் நம்புவாள். அண்ணி சொன்னதையே நம்பியவள்தானே.

கர்த்தர் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள்
ஹெலன்