பிஸ்தா பச்சைக்கு நான் சொன்ன பொய்

என் பாசமுள்ள மாப்பிள்ளை சுப்பையாவுக்கு,

வர்ற வெள்ளிக்கிழமை வந்தா நீங்க போயி ஒரு வருசம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியுமே. நான் சொல்லச் சொல்ல உங்க மக செல்விதான் எழுதுது. உங்க நினைவு நோட்டீஸ்ல போட, மாமா நல்லதா நாலு வார்த்தை சொல்லணுமாம்.

முதல்ல கம்பெனிச் சேதி. ஆமத்தூர் ரோட்டில் நாம வேலை பார்த்த பெயிண்ட் கம்பெனிக்கு நிறம் பார்க்க ஒரு மிஷின் வந்திருக்கு. பெயிண்ட் பூசின தகரத்தை அதுல வச்சா, எம்புட்டு வித்தியாசம்னு நம்பர்ல சொல்லிருது. நீங்க இருந்தா அதையே சுத்திச் சுத்தி வந்திருப்பீங்க.

நம்ம காலத்தில் அந்த மிஷின் நாம ரெண்டு பேரும்தான். நான் கலக்குற ஆளு, நீங்க தரம் பார்க்குற ஆளு. ஒவ்வொரு கலவையையும் துண்டுத் தகரத்தில் பூசிக் காயவைச்சு, முதல்ல ஒத்துக்கிட்ட நிறத்தைப் பூசி வச்சிருக்கிற மூலத் தகரத்தோட ஒட்டிவச்சுப் பார்க்கணும். நிறம் மாறித் தெரிஞ்சா ஒரு டப்பாகூட வெளியே போகக்கூடாது. தகரத்துக்குப் பின்னாடி எழுதியிருக்கிற பேரை எனக்கு வாசிக்க வராதுன்னு, பிஸ்தா பச்சையோட மூலத் தகரத்து ஓரத்தில் மூணு வெட்டு வெட்டிக் கொடுத்தீங்க. வேற யாரு எனக்கு அப்படிச் செஞ்சிருப்பா?

எனக்கோ ஞாபகத் திமிரு. "பத்து வருசத்துக்கு முந்தி கலக்குன கலரே கண்ணுக்குள்ள நிக்கி, உம்ம தகரம் எதுக்கு மாப்ளே?" என்பேன். "காய்ச்சல் விட்ட மறுநாள் உங்க தங்கச்சி வச்ச குழம்பைக் கசக்குன்னீகளே மச்சான். குழம்பா மாறுச்சு? கண்ணும் அப்படித்தான்" என்பீங்க.

விருதுநகர் வத்தல் வியாபாரி ஒருத்தர் கல்யாண மண்டபம் கட்டி, கதவு சன்னலுக்கெல்லாம் பிஸ்தா பச்சை ஆர்டர் கொடுத்தார். பாதி போயிருச்சு, மீதிக்கு ரெண்டாம் கலவை. அன்னைக்குத் தங்கச்சிக்குப் பல்வலி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகையில, "காயவைச்சுப் பாத்துட்டு விடுங்க மச்சான்"னு சொல்லிட்டுத்தான் போனீங்க. மழைத் தூறல், தகரம் காய சாயங்காலம் ஆகும். வேன்காரன் வாசல்ல ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். நான் குச்சியை முக்கித் தூக்கிப் பார்த்தேன். அதே பச்சைதான்னு என் கண்ணு சொல்லுச்சு. டப்பாவில் ஊத்தச் சொல்லிட்டேன். ஈரத்தில் ஒரு நிறம், காஞ்சா ஒரு நிறம்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்.

திரும்பி வந்து கேட்டீங்க: "காயவைச்சுப் பாத்தீகளா மச்சான்?"

"பாத்தேன் மாப்ளே."

அந்த ஒத்தை வார்த்தையை நம்பி நோட்டில் கையெழுத்துப் போட்டீங்க.

பத்து நாள்ல மண்டபத்தில் இந்தப் பக்கக் கதவு ஒரு பச்சை, அந்தப் பக்கக் கதவு வேற பச்சை. முதலாளி நோட்டைத் தூக்கிப்போட்டு, "கண்ணை எங்கவே வச்சிருந்தீரு?"ன்னு சத்தம் போட்டார். நீங்க, சோதிச்ச தகரத்தையெல்லாம் தொங்கவிடுற கம்பியைப் பார்த்தீங்க. அந்தக் கலவைக்குத் தகரமே இல்லை. நீங்க பார்த்ததை நான் பார்த்தேன். ஆனா என் பக்கம் திரும்பாம, "என் தப்புத்தான் முதலாளி"ன்னு சொன்னீங்க.

ஏன் மாப்ளே? பொண்டாட்டி கூடப்பிறந்தவன்னா? அந்த மாசம் என் மகளுக்குக் கல்யாணம் வச்சிருந்தேன், அதுக்காகவா?

அன்னைக்கே உங்க வேலை போச்சு; நீங்க எம். புதுப்பட்டியில் வெடிக் கம்பெனிக் கேட்டுக்குக் காவல் காக்கப் போனீங்க. உங்க நாற்காலியில் என்னைய உட்கார வச்சாங்க. அதுக்கப்புறம் எத்தனை தீபாவளிக்கு என் வீட்டில் சாப்பிட்டீங்க! கேட்டா சொல்லிருவோம்னு இருந்தேன். நீங்க கேட்கவே இல்லை. அதையே சாக்கா வச்சுக்கிட்டேன்.

தங்கச்சி இன்னைக்கும் உங்க போட்டோவைப் பார்த்து ஏசுறா: "பாக்காம கையெழுத்துப் போட்டு பொழப்பைத் தொலைச்ச மனுசன்." அவ கொடுத்த காப்பியைக் குடிச்சுக்கிட்டு நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

செல்வி எழுதுறதை நிறுத்திருச்சு மாப்ளே. அப்புறம், "அப்பாவை நானும் ஏசியிருக்கேன் மாமா"ங்குது.

"அதையும் எழுது தாயி"ன்னேன்.

"அம்மா படிக்குமே."

"படிக்கிறதுக்கு முந்தி நானே சொல்லிருதேன்."

ஆமா மாப்ளே. வெள்ளிக்கிழமை உங்களுக்குப் படையல் போட்டு, சொந்தபந்தம் பந்தியில உட்கார்ந்ததும், இலையில சோறு விழுறதுக்குள்ள எந்திரிச்சு என் வாயாலேயே சொல்லுவேன். வாசப்படி மிதிக்காதேன்னு தங்கச்சி சொன்னா அப்படியே திரும்பிப் போயிருவேன். நீங்க பாக்காம கையெழுத்துப் போடலை. என்னைய நம்பிப் போட்டீங்க. அது அவளுக்குத் தெரியணும்.

இப்படிக்கு,
உங்க பொண்டாட்டிக்கு அண்ணன், உங்களுக்கு மச்சானா இருக்க இனிமேத்தான் பழகணும்,
கருப்பையா