வண்டி நின்றது, நான் நிற்கவில்லை

ஜூன் 9, திங்கள்

மேலுதடு வீங்கியிருக்கிறது. பள்ளியில் கேட்டவர்களிடமெல்லாம் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். ஹெச்.எம். நம்பிவிட்டார். ஒரு மேட் வாங்கிப் போடுங்கம்மா என்றார். சரிங்க சார் என்றேன். வேறென்ன சொல்வது? என் வீட்டுக்காரர் பாலகுரு என்னை அடிக்கவில்லையே. ப்ரேக்தான் போட்டார்.

தினமும் காலையில் குட்டியானை லோடு வண்டியில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்புவார். என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுத் திண்டிவனம் போவார். நேற்று ராத்திரி மீன் குழம்பில் உப்பு போதவில்லையாம். உர்ரென்று இருந்தார். இன்று உப்பளத்து ரோட்டில் நல்ல வேகம். எதிரில் ஆளில்லை, ஆடு மாடு இல்லை. திடீரென்று ஒரு மிதி. என் முகம் போய் டேஷ்போர்டில் மோதியது.

"நான் இன்னா பண்ணேன்? வண்டி நின்னுச்சி. நீதான் நிக்கல, டீச்சரம்மா."

இந்தப் பாடத்தை அவருக்கு எடுத்தவளே நான்தான். கல்யாணமான புதிதில் பைக்கில் வேண்டுமென்றே ப்ரேக் போடுவார், நான் அவர் முதுகில் போய்ச் சாய்வேன். "பைக் நின்னாலும் நம்ம உடம்பு போய்க்கிட்டேதாங்க இருக்கும். அதுக்குப் பேரு நிலைமம்" என்று காதில் சொல்லிச் சிரித்தேன். பெரிய புத்திசாலி என்று காட்டிக்கொள்ள ஆசை எனக்கு.

மூட்டைகள் மட்டும் அசையவில்லை. லோடு ஏற்றும் பக்கிரி கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தான். என் பக்கத்து சீட் பெல்ட்டைப் போன மாதமே கத்தியால் அறுத்துவிட்டார். கேட்டால், அறுந்துபோச்சி என்பார்.

ஜூன் 12, வியாழன்

இன்று ஒன்றும் நடக்கவில்லை. குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

கிளியனூருக்கு, அண்ணன் பலராமன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். முன்பல் ஆடுவதைக் காட்டினேன். இனி அங்கே போக மாட்டேன் என்றேன்.

"கை வச்சானா?"

"இல்ல."

"குடிக்கிறானா?"

"இல்லண்ணா."

"ரோட்டுல வண்டின்னா ப்ரேக் போடத்தான் செய்வாங்க. இத எப்பிடிம்மா நாலு பேர வச்சிப் பேசுறது?"

சாயங்காலம் அண்ணனே கொண்டுவந்து விட்டான். மாமியார் பொன்னம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எம்புள்ள இதுவரைக்கும் இவ மேல கை வச்சிருப்பானா? நீயே கேளுப்பா." அண்ணன் தலையாட்டினான். காபி குடித்துவிட்டுப் போய்விட்டான்.

கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால் விரல் தடமாவது இருந்திருக்கும், காட்டியிருப்பேன். எவ்வளவு சுத்தமாச் செய்யிறான் பாரு. வீட்டுக்காரருக்கு இனி இந்த நோட்டில் 'அவர்' கிடையாது. அவன்தான். எங்கே போவேன், யார் நம்புவார்கள் — ஒன்றும் தெரியவில்லை.

ஜூலை 3, வியாழன்

பத்தாம் வகுப்புக்கு இயக்க விதிகள். கேரம் போர்டை மேசைமேல் வைத்து, ஒரு ஸ்ட்ரைக்கரால் இன்னொரு ஸ்ட்ரைக்கரை நேராக அடித்துக் காட்டினேன். அடித்தது அங்கேயே நின்றது. அடிபட்டது கிளம்பிப் போனது.

"மொத ஸ்ட்ரைக்கர்கிட்ட இருந்தது எங்க மிஸ் போச்சு?" என்று கிருபா எழுந்து கேட்டாள். கெட்டிக்காரப் பெண்.

"எங்கயும் போகல. ரெண்டாவதுக்கு வந்துடுச்சி. உந்தம் அழியாது, கை மாறும், அவ்ளோதான்."

சொல்லி முடித்ததும் சாக்பீஸைக் கீழே வைத்தேன். இத்தனை மாதம் எனக்குள் வந்து சேர்ந்ததெல்லாம் எங்கே போகும்? சீ. பாடத்தைப் பாடமாகப் பார்க்கக் கற்றுக்கொள், யுவராணி.

ஜூலை 4, வெள்ளி

பல் விழுந்துவிட்டது.

ஜூலை 19, சனி

ஒன்று கண்டுபிடித்துவிட்டேன். மிதிப்பதற்கு முன்னால் அவன் கண்ணாடியைப் பார்க்கிறான். பின்னால் லாரி கீரி வந்தால் மிதிப்பதில்லை. அவன் உயிர் அவனுக்கு வெல்லம்.

இப்போதெல்லாம் அவன் கண் கண்ணாடிக்குப் போனதும் நான் தலைக்குக் கை கொடுத்து, டேஷ்போர்டுக்குக் கீழே சுருண்டுவிடுகிறேன். இன்று இரண்டு தடவை தப்பித்தேன். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"சர்க்கஸ் காட்றியா? இரு, ஒரு நாளைக்கு நல்லா மிதிக்கிறேன்."

ஆகஸ்ட் 8, வெள்ளி — பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி

புதன்கிழமை பக்கிரிக்குக் காய்ச்சல், வரவில்லை. பாலகுருவே ஒரு கூலியாளை வைத்து மூட்டை ஏற்றினான், கேபினுக்கு மேலே தெரிகிற அளவுக்கு. கயிறு போடவில்லை. பார்த்தேன். சொல்லவில்லை. சொன்னால் டீச்சரம்மா பாடம் எடுக்கிறாள் என்று அதற்கும் ஒரு மிதி விழும்.

உப்பளத்து ரோட்டில் கண்ணாடியைப் பார்த்தான். நான் சுருண்டேன். சொன்னபடியே நல்லா மிதித்தான். வண்டி நின்றது. மூட்டைகள் நிற்கவில்லை.

கேபினின் பின்தகடு மடிந்து அவன் கழுத்தில் இறங்கிவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், பாவி. எனக்குத் தோளில் சிராய்ப்பு, தலையெல்லாம் உப்பு. என்னைத் தள்ளுவதிலேயே குறியாக இருந்தவன் முதுகுக்குப் பின்னால் இருந்ததை மறந்துவிட்டான்.

கை கொஞ்சம் வரலாம், இடுப்புக்குக் கீழே இனி வராது என்று டாக்டர் சொன்னார். மாமியார் தரையில் விழுந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வராததற்கு நான் என்ன செய்ய?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அண்ணன் வந்தான். கிளியனூருக்கே வந்துடும்மா என்றான். இப்போது கூப்பிடுகிறான்.

"இனிமேதாண்ணா நான் இங்க இருக்கணும்" என்றேன்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் தலையில் கை வைத்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. உப்புப் பாத்தியெல்லாம் தண்ணீரில் முழுகிக் கிடக்கிறது. அவரை வீல்சேரில் உட்காரவைத்து உப்பளத்து ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இப்போது 'அவர்' என்றே எழுத வருகிறது. கோபமெல்லாம் போய்விட்டது.

வழியில் பக்கிரி நின்று, "உங்கள மாதிரி யாரு பாப்பாங்க அண்ணி" என்றான். சிரித்துவிட்டு வந்தேன்.

"பெல்ட்டு போடல" என்றார் அவர்.

"அறுந்துபோச்சிங்க."

நல்ல தார் ரோடு. வேகமாகத் தள்ளினேன். பிறகு ஓடினேன். "ராணி, மெதுவா... ராணி" என்றார். பெயரெல்லாம் ஞாபகம் வருகிறது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். யாரும் இல்லை. நிறுத்தினேன்.

முன்னால் மடிந்து விழுந்தார். வாய் அவர் முழங்காலிலேயே போய் இடித்தது.

"நான் இன்னா பண்ணேன்? வண்டி நின்னுச்சி. நீங்கதான் நிக்கல."

நிமிர்த்தி உட்காரவைத்து, ரத்தத்தை முந்தானையால் துடைத்து, மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். உதட்டைப் பார்த்து மாமியார் பதறினார். "இன்னாடா ஆச்சி?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"ஒன்னும் இல்லம்மா. நானே கடிச்சிக்கினேன்."

மாமியார் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். நாளைக்கும் காற்றாட அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறார்.